பிஎஸ்பியை டிவியில் போட என்ன ஒயர் வாங்க வேண்டும்?

கடையத்துக்காரன் (சனி, இரவு 9.40)

இத்தனை நாள் படித்துவிட்டுப் பேசாமல் போகிற ஆளாகவே இருந்தேன். இப்போது வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

சார்ஜாவிலிருந்து லீவில் வந்திருக்கும் அத்தான் (பெரிய அத்தை மகன்) ஒரு பிஎஸ்பி (கையில் வைத்து விளையாடுகிற சோனி கேம் மிஷின்) கொடுத்தார். அவர் மகன் காலேஜ் போய்விட்டானாம், இனிமேல் தொடமாட்டானாம். எங்கள் வீட்டில் முழுப்பரீட்சை லீவுக்கு அக்கா பிள்ளைகள் மூன்று பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள். ஒரு சின்னத் திரை, மூன்று தலை. ஒருத்தன் விளையாடினால் மற்ற இருவரும் அவன் முதுகில் ஏறிக்கொண்டு பார்க்கிறார்கள். காலையில் ஆரம்பிக்கிற சண்டை ராத்திரி படுக்கிறவரை ஓயவில்லை. டிவியில் போட்டுவிட்டால் எல்லோரும் பார்க்கலாமே என்று நினைத்தேன்.

இன்று திருநெல்வேலி போனபோது ஒரு கடையில், "பிஎஸ்பியை டிவியில போடணும், அடாப்டர் இருக்கா" என்று கேட்டேன். முதலில் சார்ஜரை எடுத்து நீட்டினார்கள். டிவிக்கு என்று சொன்னதும் ஒரு சின்ன வெள்ளை டப்பா தந்தார்கள். ஒரு பக்கம் எச்டிஎம்ஐ ஓட்டை, மறுபக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு. பழைய சரக்கில் ஒரு முனையில் பிஎஸ்பி பின் உள்ள ஏவி ஒயர் (படமும் சத்தமும் போகிற மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்) ஒன்று கிடந்தது, அதையும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாட்டினால், டப்பாவில் விளக்கு எரிகிறது, டிவியில் 'நோ சிக்னல்' மட்டும் மிதக்கிறது.

ஹாலில் இருப்பது 32 இன்ச் எல்ஈடி. மச்சில் பழைய 14 இன்ச் இலவச டிவி ஒன்றும் கிடக்கிறது. எங்கே தப்பு செய்தேன்?


டவுண் சோல்டர் (சனி, இரவு 10.05)

தம்பி, டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மேலே 'எச்டிஎம்ஐ 2 ஏவி' என்று போட்டிருக்கும். அப்படியென்றால் அது எச்டிஎம்ஐயை வாங்கி ஏவியாகக் கொடுக்கும். நீங்கள் ஏவியை வாங்கி எச்டிஎம்ஐயாகக் கொடு என்கிறீர்கள். பாபநாசத்தில் இறங்குகிற தாமிரபரணி புன்னைக்காயலுக்குத்தான் போகும். புன்னைக்காயலில் நின்றுகொண்டு மேலே ஏறு என்றால் ஏறுமா? இரண்டு டப்பாவும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே இருக்கிற வேலை நேர் எதிர். என் பெஞ்சுக்கு மாதம் ஒருத்தராவது இதே டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறார், "ரிப்பேர் அண்ணாச்சி" என்று. ரிப்பேர் ஒன்றும் இல்லை.

அடாப்டர் என்ற சொல்லை முதலில் மறந்துவிடுங்கள். நம் ஊர்க் கடையில் அதற்கு அர்த்தம் சார்ஜர். மிஷினிலிருந்து என்ன வெளியே வருகிறது, டிவிக்குள் என்ன போகும், இந்த இரண்டும் தெரிந்த பிறகுதான் நடுவில் ஒயரா டப்பாவா என்று யோசிக்க வேண்டும்.

உங்களுக்கு டப்பாவே தேவையில்லாமல் இருக்கலாம். டிவியின் பின்னால் மஞ்சள் ஓட்டை இருக்கிறதா?


ஜங்ஷன் பையன் (சனி, இரவு 10.12)

எதுக்கு அண்ணே இந்தப் பாடு. போனில் எமுலேட்டர் (பழைய மிஷின் கேமைப் போனில் ஓட்டுகிற ஆப்) போட்டு, வைஃபையில் டிவிக்கு காஸ்ட் பண்ணுங்க. ஒயரே வேண்டாம்.


கடையத்துக்காரன் (ஞாயிறு, காலை 8.30)

@ஜங்ஷன் பையன், எங்கள் டிவி அவ்வளவு புத்திசாலி இல்லை தம்பி. நெட் கிடையாது.

@டவுண் சோல்டர் அண்ணாச்சி, டிவியைச் சுவரோடு சுவராக மாட்டி வைத்திருக்கிறார்கள், கை நுழையாது. போனில் டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, பின்னால் நுழைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். ஒட்டடையும் ஒரு பல்லியும் போக, ஓட்டைகள் தெரிந்தன. மஞ்சள் மாதிரி ஒன்று இருக்கிறது. டப்பாவைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஏவி ஒயரை நேரே அதில் சொருகினேன்.

வந்துவிட்டது! பிஎஸ்பி மெனு டிவியில் வந்தது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மைனி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பாட்டு ஓடுகிறது, போட்டோ தெரிகிறது. ஆனால் கேமைத் திறந்தால் டிவிக்கு வரமாட்டேன் என்கிறது. பிஎஸ்பியின் சின்னத் திரையில் மட்டும்தான் ஓடுகிறது.

இது 3000 மாடல் என்று அத்தான் சொன்னார். 3000-ல் கேம் டிவியில் வரும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். அப்புறம் ஏன்?


பாளை பட்டன் (ஞாயிறு, காலை 9.15)

அத்தான் சொன்னதை ஒரு பக்கம் வையுங்கள். திரைக்குக் கீழே இடது ஓரத்துப் பட்டனில் என்ன இருக்கிறது? 'ஹோம்' என்று எழுத்தா, பிஎஸ் சின்னமா? சின்னம் இருந்தால் 3000. எழுத்து இருந்தால் அதற்கு முந்தையது. 3000-ல் திரைக்குக் கீழே மைக்குக்குச் சின்ன ஓட்டையும் இருக்கும்.

ஏன் கேட்கிறேன் என்றால், விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. முதலில் வந்த தடித்த பிஎஸ்பியில் (ஜப்பானில் 2004 கடைசியில் வந்தது) டிவிக்குப் படம் அனுப்பும் வசதியே கிடையாது. 2007-ல் வந்த 2000 மாடலில்தான் அதைக் கொடுத்தார்கள். அதிலும் பாதிதான். மெனு, பாட்டு, சினிமா எல்லாம் மஞ்சள் ஒயரில் போகும், கேம் போகாது. கேமை 'புரோகிரஸிவ்' வகையில் மட்டும் வெளியே விடும்படி செய்திருக்கிறார்கள். மஞ்சள் ஒயருக்கு அது ஒத்துவராது. ஒற்றைப்படை வரி ஒரு தடவை, இரட்டைப்படை வரி அடுத்த தடவை என்று மாற்றி மாற்றி அனுப்புகிற பழைய முறைதான் அதன் வழி. புரோகிரஸிவ் என்றால் எல்லா வரியையும் ஒரே மூச்சில் அனுப்புவது, அதற்கு பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று பிரிந்த காம்பொனென்ட் ஒயர் வேண்டும். 2008-ல் 3000 வந்தபோது கேமையும் பழைய முறையில் அனுப்ப விட்டார்கள், அதற்கு மஞ்சளே போதும்.

ஆகவே பட்டனைப் பார்த்துச் சொல்லுங்கள்.


கடையத்துக்காரன் (ஞாயிறு, காலை 9.40)

'ஹோம்' என்று எழுத்தில்தான் இருக்கிறது. அத்தானிடம் போய்ச் சொன்னேன். "ரெண்டாயிரமோ மூவாயிரமோ, எல்லாம் கறுப்பாத்தானே மாப்ள இருக்கு" என்கிறார்.


டவுண் சோல்டர் (ஞாயிறு, காலை 9.52)

வந்ததுக்கு இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். பின்னால் பேட்டரி மூடி ஒழுங்காகப் படிந்து உட்கார்கிறதா? இந்த வயசு பேட்டரிகள் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். உப்பியிருந்தால் எடுத்துவிடுங்கள், குத்திப் பார்க்காதீர்கள், பிள்ளைகள் கையிலும் கொடுக்காதீர்கள். பேட்டரி இல்லாமலேயே 5 வோல்ட் சார்ஜரில் ஓடும். டிவியோடு கட்டிப்போட்டு விளையாடுவதற்கு அதுவே போதும்.


குறிச்சி அப்பளம் (ஞாயிறு, காலை 10.30)

என் பெயரை யாரோ உப்பிவிட்டது என்று சொன்ன மாதிரி இருந்தது, அதனால் வந்தேன் :)

இழையைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கணும். எனக்கும் இதே மாதிரி ஒரு தலைவலி. பெங்களூரில் இருக்கும் தம்பி, என் மகளுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க கேம் மிஷின் வாங்கி அனுப்பினான். டிவியில் போடலாம் என்று எல்லோரும் சொன்னார்களே என்று சி-டைப் டாக் (மிஷினை டிவியோடு இணைக்கிற தாங்கி) ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். எச்டிஎம்ஐ, சார்ஜர் எல்லாம் சரியாக மாட்டியாயிற்று. சார்ஜ் ஏறுகிறது, படம் மட்டும் வரவே இல்லை. டாக்கை மாற்றி வாங்கினேன், அதுவும் அதே கதை. இரண்டு டாக்கும் கெட்டதா? டிவி கெட்டதா? மகள் என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.


ராதாபுரம் காற்றாலை (ஞாயிறு, காலை 10.48)

அக்கா, ஒரே ஒரு கேள்வி. இரண்டு பக்கமும் பட்டன் உள்ள பிடி இருக்கிறதே, அது தனியாகக் கழன்று வருமா?


குறிச்சி அப்பளம் (ஞாயிறு, காலை 10.55)

இல்லையே. எல்லாம் ஒரே உடம்புதான். மஞ்சள் கலர்.


ராதாபுரம் காற்றாலை (ஞாயிறு, காலை 11.20)

டாக் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன அக்கா, டிவியும் நன்றாகத்தான் இருக்கிறது. உங்களிடம் இருப்பது ஸ்விட்ச் லைட். 2019-ல் கையில் வைத்து மட்டும் விளையாட என்றே விட்ட மாடல். அதில் டிவிக்குப் படம் அனுப்பும் வசதியே வைக்கவில்லை. எந்த டாக் வாங்கினாலும், எவ்வளவு காசு கொடுத்தாலும் வராது. செட்டிங்கிலும் ஒன்றும் ஒளிந்திருக்காது, தேடவேண்டாம்.

சி-பின் செய்கிற மாயம் இது. முன்பு ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு வடிவத்தில் பின் இருந்தது, பார்த்தவுடன் தெரியும். இப்போது எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் வாசல் வைத்துவிட்டார்கள். உள்ளே கிணறு இருக்கிறதா இல்லையா என்று வாசலைப் பார்த்து எப்படிச் சொல்வது? சி-பின் வழியாகப் படம் போகவேண்டுமானால் மிஷினுக்குள் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' இருக்கவேண்டும். 2017-ல் வந்த சாதாரண ஸ்விட்சில் இருக்கிறது, 2021-ல் வந்த ஓஎல்ஈடி மாடலில் இருக்கிறது, லைட்டில் இல்லை. விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இருக்காது. அவற்றின் சி-பின் வெறும் யுஎஸ்பி 2.0தான். சார்ஜ் ஏறும், பென்டிரைவ் எடுக்கும், அவ்வளவே.

சாதாரண ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்கில் வைத்தால் 1080p (1080 வரிப் படம்) வரைக்கும் வரும் (கையில் வைத்தால் அதன் திரை 720p). ஆனால் டாக்குக்கு 15 வோல்ட் கொடுக்கிற சார்ஜர் வேண்டும். போன் சார்ஜரைச் சொருகிவிட்டு "படம் வரலை" என்று திட்டுகிறவர்கள் நிறைய. அப்புறம் 2018-ல் ஒரு சிஸ்டம் அப்டேட் வந்த பிறகு, வேறு கம்பெனி டாக்குகளில் போட்ட சில ஸ்விட்ச்கள் செத்துப்போனதாகப் பெரிய கூச்சல் எழுந்தது. அதனால் டாக் விஷயத்தில் மட்டும் நான் மலிவு பார்ப்பதில்லை. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-க்கு டாக்கே வேறு, பழையதில் உட்காராது.

அக்கா, வாங்கிய டாக்கை ஒரு லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள். லேப்டாப்பின் சி-பின்னில் படம் வருமானால் அதற்காவது ஆகும்.


குறிச்சி அப்பளம் (ஞாயிறு, காலை 11.31)

இரண்டு டாக்கும் திருப்பி எடுக்கமாட்டார்களாம், நாள் தாண்டிவிட்டது. தம்பியிடம் சொன்னேன். "லைட்டுன்னா எடை கம்மின்னு நினைச்சேன்க்கா" என்கிறான். நல்லா இருப்பான்.


பாளை பட்டன் (ஞாயிறு, மதியம் 1.10)

சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும். பொறுக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

கையடக்க மிஷினைப் பெரிய திரையில் பார்க்கும் ஆசை, கையடக்க மிஷின் வந்த நாளிலிருந்தே இருக்கிறது. நின்டெண்டோவின் கையடக்க மிஷினான கேம் பாய் வந்தது 1989. அதன் திரை 160-க்கு 144 புள்ளி, பச்சையும் கறுப்பும் கலந்த ஒரு நிறம், வெளிச்சம் இல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாது. 1994-ல் நின்டெண்டோவே 'சூப்பர் கேம் பாய்' என்று ஒரு தடித்த கேசட்டை விட்டது. அதை டிவியில் மாட்டுகிற சூப்பர் நின்டெண்டோ மிஷினில் சொருகி, அதன் தலையில் கேம் பாய் கேசட்டைச் சொருகினால் டிவியில் வரும். கறுப்புவெள்ளைக்குச் சாயம் பூசிக்கொள்ளலாம், சுற்றிலும் சித்திரச் சட்டம் போடலாம்.

இங்கே பலர் நினைப்பதுபோல அது படத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கிற டப்பா இல்லை. அந்தக் கேசட்டுக்குள் கேம் பாயின் மூளையே உட்கார்ந்திருந்தது. ஆனால் அதற்குத் தாளம் போட்டது பெரிய மிஷினின் கடிகாரம். அதனால் எல்லாமே சுமார் 2.4 சதவீதம் வேகமாக ஓடியது. சும்மா விளையாடுகிறவனுக்குத் தெரியாது. பாட்டைக் காதில் ஏற்றியவனுக்கு ஸ்வரம் கொஞ்சம் ஏறினது மாதிரி இருக்கும். 1998-ல் ஜப்பானில் மட்டும் விற்ற சூப்பர் கேம் பாய் 2-ல் அதைச் சரிசெய்தார்கள்.

அப்புறம் 2003-ல் கேம்கியூப் என்ற டிவி மிஷினின் அடியில் மாட்டுகிற கேம் பாய் பிளேயர். கேம் பாய், கேம் பாய் கலர், கேம் பாய் அட்வான்ஸ் மூன்று கேசட்டும் அதில் ஓடும். ஆனால் கூட வந்த டிஸ்க்கைப் போட்டால்தான் உயிர் வரும். இன்று பழைய சரக்கில் அடித்தட்டு மட்டும் தனியாக விற்பார்கள், டிஸ்க் இருக்காது. அதை வாங்கி வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். சேகா வேறு வழியில் போனது. டிவியில் ஓடுகிற தன் மிஷினையே சுருக்கி 1995-ல் 'நோமாட்' என்று கையில் கொடுத்தது, டிவிக்கு அனுப்ப ஓட்டையும் வைத்தது. சோனி 2013-ல் வீட்டா என்ற தன் கையடக்க மிஷினிலிருந்து திரையைக் கழற்றிவிட்டு, டிவியில் மாட்டுகிற வெறும் டப்பாவாக விற்றது. தொடுதிரை வேண்டிய விளையாட்டுகள் பல அதில் ஓடவில்லை, அதுவும் போணியாகவில்லை.

இவை எல்லாவற்றிலும் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். சின்னத் திரைக்கு வரைந்த படம் பெரிய திரையில் அழகாக இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். 144 வரியை 1080 வரியாக்க 7.5 மடங்கு. அரை மடங்கு எங்கே போகும்? சில புள்ளி தடிக்கும், சில புள்ளி மெலியும், படம் நகரும்போது கோலம் போட்ட இடத்தில் தண்ணீர் பட்ட மாதிரி நெளியும். 7 மடங்கோடு நிறுத்தி 1008 வரி வைத்து, மிச்சத்தைக் கறுப்பாக விட்டால்தான் கண்ணுக்கு ஒழுங்கு. அனலாக் பாக்கெட் என்ற 2021 மிஷினின் திரை 1600-க்கு 1440. சரியாகப் பத்து மடங்கு, செய்தவனுக்கு இந்த உறுத்தல் இருந்திருக்கிறது.


டவுண் சோல்டர் (ஞாயிறு, மதியம் 2.45)

பட்டன் வே, உமக்கு எல்ஈடியிலேயே எல்லாம் பார்க்கணும். அந்த 14 இன்ச் டப்பா டிவியில் போட்டுப் பாரும். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே டியூபே பூசி விட்டுவிடும், நெளிவும் இருக்காது ஒன்றும் இருக்காது.

2006-க்குப் பிறகு வீட்டுக்கு வீடு கொடுத்த அந்த டிவிகளை நான் எத்தனை பார்த்திருப்பேன்! பாதிப்பேர் வீட்டில் மச்சில் கிடக்கிறது, மீதி பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. முன்பு கேசட் போடுகிற டிவி கேமை எடுத்துக்கொண்டு வருவார்கள், "கறுப்புவெள்ளையா தெரியுது அண்ணாச்சி" என்று. மிஷின் அனுப்புவது என்டிஎஸ்சி என்ற கலர் முறை, டிவிக்குத் தெரிந்தது பிஏஎல் (PAL) முறை மட்டும். கலர் பாஷை புரியாமல் டிவி விழித்துக்கொண்டு நிற்கும். மிஷினிலும் பழுதில்லை, டிவியிலும் பழுதில்லை. இன்றைக்குக் குறிச்சி அக்காவுக்கு நடந்தது அதேதான், பின் மட்டும் மாறியிருக்கிறது.

கடையத்துத் தம்பி, மச்சிலிருக்கும் டிவியை இறக்கினால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தூசி தட்டுகிறேன் என்று பின்மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் கரண்ட் தங்கி நிற்கும். எனக்குக் கை மரத்துப்போன கதை இரண்டு உண்டு.


ஜங்ஷன் பையன் (ஞாயிறு, மாலை 4.00)

எல்லோரும் தாத்தா காலத்துக் கதை பேசுறீங்க. நான் காஸ்ட் பண்ணித்தான் ஆடுகிறேன், ஒரு குறையும் இல்லை.


ராதாபுரம் காற்றாலை (ஞாயிறு, மாலை 4.25)

தம்பி, என்ன விளையாடுகிறாய் என்பதைப் பொறுத்தது. சீட்டாட்டமும் சதுரங்கமும் காஸ்டில் ஓடும். கார் ரேஸ், குத்துச்சண்டை ஓடாது. ஒரு விநாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிவிநாடி. போன் படத்தைச் சுருக்கி, வைஃபையில் அனுப்பி, டிவி அதை விரித்துக் காட்டுவதற்குள் பத்துப் படம் ஓடியிருக்கும். நீ பிரேக் பிடிப்பது, ஏற்கெனவே சுவரில் மோதிவிட்ட வண்டிக்கு.

நம்பாவிட்டால் நீயே பார். போனையும் டிவியையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்படி வைத்து, இன்னொரு போனில் ஸ்லோமோஷன் எடு. போனில் குதித்தவன் டிவியில் எப்போது குதிக்கிறான் என்று எண்ணு.

ஒயரிலும் தாமதம் இல்லாமல் இல்லை. ஏவியை எச்டிஎம்ஐ ஆக்குகிற மலிவு டப்பா கொஞ்சம் சேர்க்கும், டிவி தானே படத்தை மினுக்குகிறேன் என்று கொஞ்சம் சேர்க்கும். டிவி மெனுவில் 'கேம் மோட்' இருந்தால் போட்டுவிடு, பாதித் தொல்லை தீரும். ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' மாதிரி ஏதாவது இருக்கும், தேடு.

நான் ஸ்டீம் டெக் என்ற கையடக்க மிஷினைச் சி-பின் டாக்கில் போட்டு ரூம் டிவியில் ஆடுகிறேன். இப்போது ஆடினால்தான் உண்டு. காத்து சீசன் தொடங்கிவிட்டால் ரூமுக்கு வருவதே தூங்கத்தான்.


ஜங்ஷன் பையன் (ஞாயிறு, இரவு 7.15)

எண்ணிப் பார்த்தேன். பதினாலு படம். சரி, விடுங்க.


கடையத்துக்காரன் (ஞாயிறு, இரவு 8.00)

மறுபடியும் போனை நுழைத்து வீடியோ எடுத்தேன். பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் இருக்கின்றன. நான் மஞ்சள் என்று நினைத்துச் சொருகியது பாதி மஞ்சள், பாதி பச்சை. ஒரே ஓட்டைக்கு இரண்டு கலர் அடித்திருக்கிறார்கள்.

காம்பொனென்ட் ஒயர் எங்கே கிடைக்கும்? தென்காசியில் மூன்று கடை கேட்டாயிற்று. ஒருவர் "அது என்ன பொருள்" என்று என்னிடமே கேட்டார்.


பாளை பட்டன் (ஞாயிறு, இரவு 8.20)

அது பொது ஓட்டைதான், ஏவிக்கும் காம்பொனென்டுக்கும் சேர்த்து வைப்பது. டிவி ரிமோட்டில் சோர்ஸை 'காம்பொனென்ட்' என்று மாற்ற மறக்கவேண்டாம், ஏவியில் விட்டால் வராது.

ஒயர் என் மேஜை டிராயரில் ஒன்று இருக்கிறது, என்னுடைய பிஎஸ்பி செத்து வருஷக்கணக்காகிறது. நாளைக்குப் பாளையங்கோட்டை வரமுடியுமா? வ.உ.சி. மைதானத்துக்கு எதிரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு நிற்கிறேன். காசெல்லாம் வேண்டாம். உங்கள் வீட்டில் மாமரம் இருந்தால் பத்து மாங்காய் கொண்டு வாருங்கள், ஊறுகாய்க்கு.


கடையத்துக்காரன் (திங்கள், இரவு 9.50)

பட்டன் அண்ணனைப் பார்த்தேன், ஒயர் வாங்கினேன், மாங்காய் கொடுத்தேன். அவர் சொன்னபடி பிஎஸ்பி செட்டிங்கில் காம்பொனென்ட் அவுட்டை 'புரோகிரஸிவ்' என்று மாற்றி, டிஸ்ப்ளே பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தேன்.

கேம் டிவியில் வந்துவிட்டது!

ஆனால் கார், ரோடு, மனுஷன் முகம் எல்லாம் பச்சை. ஸ்பீக்கரில் உர்ரென்று ஒரு சத்தம். படமும் திரை முழுக்க வராமல் நடுவில் தபால் கார்டு மாதிரி நிற்கிறது. ஒயர் கெட்டுவிட்டதா?


டவுண் சோல்டர் (திங்கள், இரவு 9.58)

ஒயரில் ஐந்து பின் இருக்கும். அதில் சிவப்பு எத்தனை?


கடையத்துக்காரன் (திங்கள், இரவு 10.04)

இரண்டு. ஐயோ.

மாற்றிவிட்டேன். படத்துச் சிவப்பை ஆடியோவிலும், ஆடியோச் சிவப்பைப் படத்திலும் சொருகியிருக்கிறேன். இப்போது கலர் சரியாக வருகிறது, உறுமலும் நின்றுவிட்டது.


பாளை பட்டன் (திங்கள், இரவு 10.15)

தபால் கார்டு விஷயம் ஒயர் கோளாறு இல்லை. 720-க்கு 480 சட்டத்துக்குள் கேமின் 480-க்கு 272 படத்தைப் பெரிதாக்காமல் அப்படியே வைத்து அனுப்புகிறது. டிவி ரிமோட்டில் 'ஜூம்' போட்டு வளர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் மங்கும். எனக்கு ஜூம் இல்லாமல் கார்டாகப் பார்ப்பதுதான் பிடிக்கும், ஆனால் மூன்று பிள்ளைகளிடம் அதைச் சொல்லமுடியாது.


கடையத்துக்காரன் (புதன், இரவு 10.30)

இரண்டு நாள் ஓடியதில் தெரிந்ததைச் சொல்கிறேன், நாளைக்கு யாராவது தேடி வந்தால் உதவும்.

ஜூம் போட்டால் நன்றாகவே இருக்கிறது. பேட்டரி மூடி சோல்டர் அண்ணாச்சி சொன்னமாதிரியே துருத்திக்கொண்டு நின்றது, கழற்றிவிட்டேன், சார்ஜரில்தான் ஓடுகிறது. அதனால் கரண்ட் போனால் கேம் போச்சு. நேற்று சாயங்காலம் போயிற்று, சேவ் பண்ணாமல் வைத்திருந்த பெரியவன் அழுதான். ஏழு மணி முதல் பத்து மணி வரை டிவி ஆச்சியுடையது, சீரியல் நேரம். அதில் யாரும் வாய் திறப்பதற்கில்லை. இலவச டிவியை இறக்கலாம் என்றால் அதில் மஞ்சள் ஓட்டை மட்டும்தான் இருக்கிறது, இந்த 2000 மாடல் கேமை அதில் காட்டாது.

ஆனால் யாருமே சொல்லாத ஒன்று இருக்கிறது. பிஎஸ்பியில் கேம் ஆடத் தனி ரிமோட் கிடையாது, கையில் வைத்து அழுத்துவதும் அதையேதான். ஒயர் இரண்டு மீட்டர்கூட இருக்காது, டிவியோ சுவரில் உயரத்தில். விளையாடுகிறவன் டிவிக்கு நேர் கீழே நின்று அண்ணாந்துதான் ஆடவேண்டும். மற்ற இரண்டு பேரும் அவனோடு சேர்ந்து அங்கேயே நின்று, கழுத்து வலித்ததும், பழையபடி அவன் கையிலிருக்கும் சின்னத் திரையை எட்டிப் பார்க்கிறார்கள். அது கறுப்பாக இருக்கிறது என்று சண்டை.

ஒயரை நீட்ட வழி உண்டா அண்ணாச்சி?


டவுண் சோல்டர் (புதன், இரவு 10.41)

உண்டு. ஆர்சிஏ (இந்தக் கலர் பின்களின் பெயர்) ஜாயிண்டர் என்று கேளுங்கள், இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கும். ஐந்து வேண்டும். அதோடு ஆர்சிஏ ஒயர், இரண்டு மூன்று மீட்டரில், மூன்று பின் உள்ளது ஒன்று, இரண்டு பின் உள்ளது ஒன்று. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று கலர் வேறாக இருந்தாலும் பரவாயில்லை, ஒயர் ஒயர்தான். எந்தக் கலரை எதற்குப் போட்டோம் என்று ஒரு பக்கம் மாட்டும்போதே பேனாவால் டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். இப்போது உங்களிடம் சிவப்பு நாலு ஆகிவிடும்.